ஆடு மாடு பற்றியும் ஒரு பட்டப்படிப்பு
(சங்கத்தின் பொன்விழாக் கல்வி நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





எனக்கு முன்னால் பேசிய டாக்டரும் கணக்காய்வாளரும் தத்தம் துறையைப் பற்றி நன்றாகச் சொன்னார்கள். பெற்றோர் முகத்தில் மலர்ச்சி தெரிந்தது. என்னை அழைத்து, ‘கால்நடை அறிவியல் பற்றிப் பேசுவார்’ என்று அறிவித்ததும் பின்வரிசையில் கொஞ்சம் சிரிப்பு. பரவாயில்லை, கிட்டத்தட்ட 30 வருடமாகக் கேட்டுப் பழகிய சிரிப்புதான். இங்கே சிரித்தவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள். ஆட்டுக்கறியும் கோழியும் பாலும் முட்டையும் இல்லாமல் நம் சமூகத்தின் தொழில் ஒரு நாள் ஓடாது. ஆனால் அந்த ஆடும் கோழியும் எங்கிருந்து எப்படி வருகின்றன என்று படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதும்.

2022-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி நம் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர்கள் கோழிச் சோற்றுக்குத் தவித்தார்கள். நம் நாட்டிலும் விலையும் தட்டுப்பாடுமாக இருந்தது. கோழிப் பண்ணைகள் இங்கே நிறைய இருக்கின்றன. பிறகு ஏன் அந்த நிலை? கோழி தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் கிட்டத்தட்ட முழுவதும் கப்பலில் வருகின்றன. எங்கோ உக்ரேனில் போர் என்றால் இங்கே தீவன விலை ஏறுகிறது. நான் தீவன ஆலையில் வேலை பார்ப்பவன். அந்த மாதங்களில் எங்கள் ஆலையில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி கதை வேறு. அவற்றில் பெரும்பகுதியை நாம் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறோம். ஆட்டுக்கறி ஆஸ்திரேலியாவிலிருந்து, எருமைக்கறி இந்தியாவிலிருந்து.

இந்தப் படிப்புக்கு நம் நாட்டில் தாய்வீடு செர்டாங். 1931-இல் வெள்ளைக்காரர் காலத்தில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கியது. 1947-இல் கல்லூரி ஆனது. 1971-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேளாண் துறையோடு சேர்த்து வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். முதல் துணைவேந்தர் டான் ஸ்ரீ முகமட் ரஷ்டான் பாபா. வேளாண்மை, வனவியல், கால்நடை மருத்துவமும் கால்நடை அறிவியலும் என்று மூன்று புலங்களோடு 1973-இல் முதல் கல்வியாண்டு. நம் சங்கம் பிறந்த அதே ஆண்டு. 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. நான் 1994-இல் சேர்ந்தபோது ஒரு பெயர், 1998-இல் பட்டம் வாங்கியபோது இன்னொரு பெயர். இரண்டும் ஒன்றுதான் என்று ஊரில் உறவினர்களுக்கு விளக்குவதற்குள் எங்கள் அத்தாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

படிப்பு எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கேட்கிறீர்கள். பாதி நாள் வகுப்பறை, பாதி நாள் தொழுவம். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தப் பண்ணை இருக்கிறது. மாடு, ஆடு, கோழி எல்லாம் உண்டு. பால் கறக்கும் முறை நமக்கு வந்தால் சுபுஹு தொழுதுவிட்டு நேரே தொழுவத்துக்குப் போக வேண்டும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, பெருநாள் தெரியாது. ஆடு 150 நாள் சுமக்கும், மாடு ஏறத்தாழ 283 நாள் சுமக்கும் என்று புத்தகத்தில் ஒரு வரியில் இருக்கிறது. அந்த நாள் நெருங்கி, நடு இரவில் கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்து தலை திரும்பிக்கொண்டிருக்கும்போது, கையை எவ்வளவு தூரம் விட வேண்டும், எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்றால்தான் கற்றுக்கொள்ள முடியும்.

எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது மாட்டின் வயிறு. நான்கு அறைகள். முதல் அறை மட்டும் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஆராய்ச்சிக்காக வயிற்றில் துளையிட்டு, ரப்பர் மூடி பொருத்திய மாடுகளை வைத்திருப்பார்கள். மாடு அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். மூடியைத் திறந்து நீண்ட கையுறையோடு உள்ளே கையை விட்டால் வெந்நீரில் விட்டதுபோல் இருக்கும். நாம் தின்ன முடியாத புல்லையும் வைக்கோலையும் உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தாம் நொதிக்க வைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. மாட்டுக்குத் தீனி போடுகிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் அந்த நுண்ணுயிர்களுக்குத்தான் போடுகிறோம். ஒரே நாளில் தீனியை மாற்றினால் அவை தடுமாறும், மாட்டின் வயிறு உப்பிவிடும்.

தீவனம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் மலிவாக நிறையக் கிடைப்பது செம்பனை விதைப் பிண்ணாக்கு. மாட்டுக்கு நல்ல தீனி. வெள்ளாடும் தாங்கும். அதையே முக்கியத் தீனியாகச் செம்மறி ஆட்டுக்கு மாதக்கணக்கில் போட்டால், அதிலுள்ள செம்புச் சத்து ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து, ஒரு நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, ஆடு விழுந்துவிடும். ஏதோ நோய் என்று ஊசி மேல் ஊசி போட்டுப் பணத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். துத்தநாகமும் மாலிப்டினமும் சேர்த்து இதைத் தடுக்கலாம் என்று நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே காட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த ஒரு பிள்ளை ஒரு கம்பத்தில் இருந்தால் ஒரு மந்தை பிழைக்கும்.

நமக்கும் இந்த நாட்டு மாடுகளுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் இந்தியாவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் கூடவே கறவை மாடுகளையும் கொண்டுவந்தார்கள். அந்த வழி வந்த மாடுகளை ‘உள்நாட்டு இந்தியக் கறவை மாடு’ என்று இன்றும் தனி இனமாகவே குறிப்பிடுகிறார்கள். ஜமுனாபாரி ஆட்டின் பெயரிலேயே யமுனை நதி இருக்கிறது. மாஃப்ரிவால் என்ற நம் நாட்டுக் கறவை மாடு, ஐரோப்பாவின் ஃப்ரீஷியனையும் பஞ்சாபின் சாஹிவாலையும் கலந்து உருவாக்கியது. நம்மைப் போலவே பல ஊரிலிருந்து வந்து இந்த ஊர் வெயிலுக்குப் பழகியவை.

பெற்றோர் பலருக்கும் ஒரு குழப்பம். கால்நடை மருத்துவம் வேறு, கால்நடை அறிவியல் வேறு. முதலாவது 5 ஆண்டு. முடித்துக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்துகொண்டால்தான் சிகிச்சை செய்யலாம். இரண்டாவது 4 ஆண்டு. தீனி, இனப்பெருக்கம், பண்ணை நிர்வாகம், பால், இறைச்சி பற்றியது. நானும் இரண்டாவதுதான், எனவே உங்கள் வீட்டுப் பூனைக்கு மருந்து கேட்டு என்னைக் கூப்பிடாதீர்கள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அடிப்படைப் படிப்பு, டிப்ளோமா என்று எந்த வழியிலும் வரலாம். உயிரியலும் வேதியியலும் கைகொடுக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியை மேடையில் கேட்கத் தயங்கி, சாப்பிடும்போது காதோடு கேட்பார்கள்: நாய், பன்றி எல்லாம் தொட வேண்டுமா? கால்நடை மருத்துவம் என்றால் தொட வேண்டி வரும். கையுறை உண்டு, தனி உடை உண்டு, அதன் பிறகு மண் கலந்த நீரால் ஒருமுறை சேர்த்து ஏழு முறை கழுவுவதும் உண்டு. மலாய் மாணவர்கள் எத்தனையோ ஆண்டுகளாக இப்படித்தான் படித்து வெளியே வருகிறார்கள். எங்கள் வகுப்பில் தொழுகைக்கென்று ஒரு சாரமும் சட்டையும் பையில் இல்லாத முஸ்லிம் பையன் கிடையாது.

குர்பானி விஷயத்துக்கு வருகிறேன், இது சங்கத்துக்கே நேரடியாகப் பயன்படுவது. ஷாஃபி மத்ஹபில் வெள்ளாட்டுக்கு 2 வயது நிறைந்திருக்க வேண்டும், ஹனஃபியில் 1 வயது போதும் என்று நம் ஆலிம்கள் சொல்வார்கள். நம்மில் இரண்டு சாராரும் இருக்கிறோம். ஆட்டுக்குப் பிறப்புச் சான்றிதழா இருக்கிறது? வாயைத் திறந்து பார்க்க வேண்டும். மேலே முன்பல்லே இருக்காது. கீழே எட்டுப் பால்பற்கள். நடுவிலுள்ள இரண்டு விழுந்து பெரிய பற்கள் முளைத்திருந்தால் ஒரு வயதுக்கு மேல். அடுத்த இரண்டும் பெரிதாகியிருந்தால் ஏறத்தாழ இரண்டு வயது. சில வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரி, எல்லாம் இரண்டு வயது என்று சத்தியம் செய்து இறக்கிய ஆடுகளில் ஏழுக்கு ஒரு பெரிய பல்கூட இல்லை. கொழுத்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்று மாலையே திருப்பி அனுப்பினோம். குர்பானிக் குழுவில் இருக்கும் இளைஞர்கள் வந்தால் அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுக்கிறேன்.

சென்ற மாதம் நம் உறுப்பினர் குடும்பத்து உம்மா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மகளுக்குக் கால்நடை அறிவியலில் இடம் கிடைத்திருக்கிறது. ஏற்றுக்கொள்ள இன்னும் மூன்று நாள்தான். “நானா, டாக்டருக்குத்தான் போட்டோம், இது வந்திருக்கு. படிச்சிட்டு ஆடு மேய்க்கவா போகப் போறா? நாளைக்கு யார் வந்து பொண்ணு கேப்பாங்க?” என்றார். நான் சமாதானம் சொல்லவில்லை. என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள் என்றேன். அவர்களில் ஒருவர் இன்று கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றை நடத்துகிறார், ஒருவர் அரசாங்கக் கால்நடைத் துறையில், ஒருவர் ஹலால் தணிக்கையில். முதல் வேலைச் சம்பளம் பெரிதாக இருக்காது, பண்ணைகள் பட்டணத்தில் இருக்காது, இதையும் சொன்னேன். பிறகு மகளிடம் பேசினேன். அந்தப் பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: “சங்கத்துல உதவித்தொகை தருவாங்களா, அங்கிள்?”

அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லாமல் போயிற்று. நம் கல்வி நிதி விண்ணப்பத்தில் மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல், மருந்தியல் என்று துறைகள் அச்சாகியிருக்கின்றன. வேளாண்மையும் கால்நடையும் அதில் இல்லை. அன்று அந்தப் பட்டியலைத் தயாரித்த பெரியவர்களைக் குறை சொல்லமாட்டேன். பணம் குறைவு, எதிலாவது கோடு போட வேண்டியிருந்தது. இன்று அந்தக் கோட்டை நகர்த்தலாம். கல்விக் குழுவிடம் நான் கேட்பது இரண்டு இடங்கள். ஒன்று பட்டப்படிப்புக்கு, ஒன்று டிப்ளோமாவுக்கு. நம் உணவக முதலாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலே இது நடக்கும். அவர்களுக்குத்தானே நாளைக்குக் கறி வேண்டும்? அந்தப் பிள்ளை இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கட்டணத்தை வாப்பா நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார்.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் இது பேசப்படும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன், வரும் விடுமுறையில் மாணவர்களை நண்பர் ஒருவரின் ஆட்டுப் பண்ணைக்கு அழைத்துப் போகிறேன். வேனில் 12 பேருக்கு இடம். பெற்றோரும் வரலாம். நல்ல செருப்புப் போட்டு வராதீர்கள், மாற்று உடை ஒன்று கொண்டுவாருங்கள். பெயர் கொடுப்பவர்கள் வாசலில் இருக்கும் தாளில் எழுதிவிட்டுப் போங்கள். வஸ்ஸலாம்.