பந்தயப் புகையும் பட்டறைப் பிள்ளைகளும்

(நன்கொடையாளர் கூடுகையில் எங்கள் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மிஷன் ஆஸ்பத்திரி டாக்டருக்குப் பந்தய வண்டியோடு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். செங்குன்றத்தைத் தாண்டி, கும்மிடிப்பூண்டிக்குப் போகிற நெடுஞ்சாலையில் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1950களிலிருந்து அதன்மேல்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. கோவை கரிவரதன் போன்றவர்கள் ஓட்டிய இடம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத்தளம் திறந்தபின் சோழவரத்துக் கூட்டம் ஓய்ந்தது. ஆனாலும் அந்நாளில் வேடிக்கை பார்க்கப் போன பெரியவர்கள், "அந்த வாசனையே தனி டாக்டர்" என்று இன்றும் சொல்லுவார்கள். அந்த வாசனையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நேர்கோட்டில் சுமார் 400 மீட்டர் தூரத்தைச் சில நொடிகளில் கடப்பதற்கு டிராக் ரேஸ் என்று பெயர். சாதாரண பெட்ரோல் இதற்குப் போதாது என்று மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஈயம் கலந்த பந்தயப் பெட்ரோல் ஆகியவற்றை வெளிநாடுகளில் ஊற்றுகிறார்கள். நைட்ரோமீத்தேன் எரிகையில் புகையோடு நைட்ரிக் அமில ஆவியும் வரும். அதனால் அங்கே இஞ்சினைச் சோதித்து ஓட்டும்போது மெக்கானிக்குகள் முகத்தில் வாயுக் கவசம் மாட்டிக்கொள்ளுகிறார்கள். நம் ஊர்ப் பட்டறையில் கைக்குட்டைகூடக் கட்டுவதில்லை.

மெத்தனால் என்றால் உங்களுக்குப் புரியும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த விஷச் சாராயத்தில் இருந்தது அதுதான். வயிற்றுக்குள் போனாலும், தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ போனாலும், கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடும். அந்த அமிலம் முதலில் தேடிப் போவது கண் நரம்பை. முகர்ந்தவன் குடித்தவனைப்போல ஒரே நாளில் பார்வை இழக்கமாட்டான் என்பது உண்மை. ஆனால் காற்றில்லாத கொட்டகையில் நாள்தோறும் அதைக் கையாளுகிறவனுக்குத் தலைவலி, மயக்கம், கண்மங்கல் எல்லாம் வரும். மெத்தனால் தீயைப் பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பதும் கடினம். சட்டை பற்றியபிறகுதான் தெரியும்.

ஈயத்தின் கதை இன்னும் நீளமானது. இஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக 1920களில் பெட்ரோலில் டெட்ரா எத்தில் ஈயத்தைக் கலக்கத் தொடங்கினார்கள். 1924இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஓர் ஆலையில் தொழிலாளிகள் புத்தி பேதலித்து, 5 பேர் இறந்துபோனார்கள். அப்படியும் அது உலகமெல்லாம் பரவிற்று. நம் நாட்டில் 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் வந்தது. 1990களின் இறுதியில் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் சென்னை, வேலூர் உட்பட நம் நகரங்களில் நடத்திய ஆய்வில், சோதிக்கப்பட்ட சிறுபிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அன்றைய எச்சரிக்கை அளவுக்கு மேல் இரத்தத்தில் ஈயம் இருந்தது. அதற்குமுன் சோழவரத்தில் புகையை விரும்பி இழுத்தவர்கள் எதை இழுத்தார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பந்தய உலகம் இதில் மெதுவாகவே திருந்திற்று. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்கள் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறியது 2007இல்தான். அதற்கு முன்பே அங்கே பந்தயக் குழுவினரின் இரத்தத்தைச் சோதித்து, ஈயம் ஏறியிருப்பதைக் கண்டிருந்தார்கள். ரிக் மாஸ்ட் என்ற ஓட்டுநர் வேறொரு விஷத்தால் ஓய்வு பெற்றார். அது கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாதது. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வண்டியை முறுக்குகிற பையனுக்கு முதலில் தலைவலிதான் வரும். "தூக்கம் கெட்டதால் வந்தது" என்று மாத்திரை வாங்கிப் போடுவான்.

நம் பகுதிக்கு வருகிறேன். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இரவு நேரத்தில் பையன்கள் பைக்குகளைப் போட்டிக்கு ஓட்டுகிறதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அவர்களில் கை கால் முறிந்தவன் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுகிறான். அந்த வண்டிகளைத் தயார் செய்கிற பட்டறைப் பையன் வருவதில்லை. அவன் கார்புரேட்டரை வெறுங்கையால் பெட்ரோலில் கழுவுகிறான். வேலை முடிந்ததும் கையையும் அதிலேயே கழுவுகிறான். பெட்ரோலில் இருக்கிற பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. டேங்கைக் காலி செய்ய ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சுகிறான். அரை மடக்கு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. அப்போது வீட்டார் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் நுரையீரலுக்குள் போகும். தயவுசெய்து உங்கள் சபைகளில் இதைச் சொல்லுங்கள்: பெட்ரோலோ மண்ணெண்ணெயோ விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதிருங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

பெட்ரோலிலிருந்து ஈயம் போய்விட்டாலும், கும்மிடிப்பூண்டியிலிருந்து போகவில்லை. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கிற தொழில் சிப்காட் பகுதியில் நடக்கிறது. அந்தத் தூசி சட்டையோடு வீட்டுக்குப் போகிறது. தகப்பன் மடியில் ஏறுகிற பிள்ளையின் உடம்பில் சேருகிறது. படிப்பில் மந்தம் என்று ஆசிரியர் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது.

இதற்கு வைத்தியம் உண்டா என்று கேட்பீர்கள். ஈயத்தை வெளியேற்றும் மருந்து உண்டு. ஆனால் அந்த வேலையை விட்டு விலக்காமல் மருந்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல. விலக்கினால் சம்பளம் நிற்கும். இரண்டு மூன்று பேர் வேலை செய்கிற பட்டறைக்கு இ.எஸ்.ஐ. பொதுவாகக் கட்டாயமில்லை, அதற்குக் குறைந்தது 10 பேராவது வேண்டும். ஆகவே பரிசோதனைச் செலவு, மருந்துச் செலவு, அவன் வீட்டில் உலை வைக்கிற செலவு மூன்றும் ஏழை நோயாளர் நிதியின் மேல்தான் விழுகிறது.

இங்கே மனந்திறந்து ஒன்று சொல்லவேண்டும். கட்டில் வாங்க, வார்டு கட்ட என்றால் காணிக்கை தாராளமாக வருகிறது. அதற்கு நன்றி சொல்லுகிறோம். ஆறு வாரம் ஒரு வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்ததற்குக் கல்வெட்டு வைக்க இடமில்லை. நல்ல சமாரியன் காயங்களைக் கட்டினதோடு போய்விடவில்லை, சத்திரக்காரன் கையில் பணமும் கொடுத்தான் என்பதை நீங்களே எனக்குப் பிரசங்கித்திருக்கிறீர்கள்.

பழைய துணிகளை அனுப்புகிற சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். இம்முறை முழுக்கை வைத்த பருத்திச் சட்டைகளையும், கனமான பேண்ட்டுகளையும், சோப்புக்கட்டிகளையும் தனியாகக் கட்டி, "பட்டறை" என்று மேலே எழுதி அனுப்புங்கள். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே மாற்றிக் கைகால் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகும்படி பையன்களுக்குச் சொல்லிவருகிறோம். மாற்றுவதற்கு இரண்டாவது சட்டை பலரிடம் இல்லை.