தலைவலிக்கு வேர் கழுத்தில்



இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டால் பாலம், அணை என்று ஆரம்பிப்பான் என நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது கழுத்தைப் பற்றி. அதுவும் ஒரு தூண்தானே! ஏழு எலும்பு, மேலே சுமார் 5 கிலோ தலை. தலை முன்னால் சாயச் சாய, பின்கழுத்துத் தசைகளுக்குச் சுமை கூடும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அண்ணனுக்கும், கம்ப்யூட்டர் முன் குனிகிற நமக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

கழுத்தில் கோளாறு என்றால் தலை ஏன் வலிக்கிறது? மேல்கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. அதனால் கழுத்து வலி நெற்றியிலும் கண்ணோரத்திலும் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு வருடம் மாத்திரை, கண்ணாடி எல்லாம் மாற்றிப் பார்த்தபின், பயிற்சிதான் கைகொடுத்தது.

ஆஸ்திரேலியாவில் குவென்டலின் ஜல் குழுவினர் இத்தகைய தலைவலிக்காரர்கள் 200 பேரிடம் ஆய்வு நடத்தி 2002-ல் வெளியிட்டார்கள். ஆறு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டு கழித்தும் நீடித்தது. பயிற்சி எளிது: மல்லாந்து படுத்து, 'ஆமாம்' என்பதுபோல் மெல்லத் தலையசைத்து, பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள். இப்படிப் பத்து முறை. முதலில் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

திடீரென்று கடும் தலைவலி, காய்ச்சல், கைகால் மரத்தல் வந்தால் பயிற்சி வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தினமும் வலி மாத்திரை போட்டால், அதுவே தலைவலி தரும் என்பதையும் மறவாதீர்கள்.

தலைநிமிர்ந்து நிற்கச் சொல்லித் தந்தது இந்தக் கல்லூரி. கழுத்துக்கும் அது பொருந்தும்!