காட்டில் ஓரிரவு
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பயணச்சீட்டுக் கணக்குகளோடும் கோப்புகளோடும் காலம் கழிக்கும் ரயில்வே குமாஸ்தாக்கள் நாங்கள். பத்தாம் வகுப்போடு படிப்புக்கு விடை கொடுத்தவர்கள். இலக்கியம் பேச எங்களுக்குத் தகுதி இல்லை. ஆயினும், நமது குடியிருப்புக் குடும்பங்கள் சில காட்டில் தங்கி வந்த செய்தியை இம்மேடையில் கூறவேண்டும் எனச் செயலாளர் பணித்தார். அவர் சொல்லைத் தட்ட இயலாமல் வந்து நிற்கிறோம்.

இதற்கு வித்திட்டது ஒரு புகைப்படம். நமது அன்பர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலிருந்து அதை அனுப்பியிருந்தார். ஆற்றங்கரையில் ஒரு சிறு கூடாரம். அதைச் சுற்றிலும் உச்சி தெரியாத மரங்கள். அவற்றிற்கு ரெட்வுட் என்று பெயராம். நம் ஆந்திரத்துச் செம்மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. உலகிலேயே உயரமான மரம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதன் உயரம் ஏறக்குறைய 380 அடி. பசிபிக் கடலிலிருந்து எழும் மூடுபனியை உண்டு வளரும் இம்மரங்களுள் சில 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. வீடு கட்டவும், தண்டவாளத்துக்கு அடியில் இடும் சிலீப்பர் கட்டைக்கும் அவற்றை வெட்டித் தள்ளினார்கள். பழைய காட்டில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. எஞ்சியதையேனும் காக்கவேண்டும் என்று 1918-இல் அந்நாட்டார் ஒரு கழகம் அமைத்தனர்.

அதே 1918-ஆம் ஆண்டில்தான் கொல்லத்திலிருந்து நமது திருவனந்தபுரத்துச் சாலை வரை புகைவண்டி வந்தது. தம்பானூருக்கு அது வந்து சேர்ந்தது 1931-இல். அதற்கும் முன்பே, 1904-இல், செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் பாதை போட்டுவிட்டார்கள். அந்நாளில் செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊரே. 1956-இல்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நம் பாட்டன்மார் பலர் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தது அந்த மலைப்பாதை வழியாகத்தான். கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தை வண்டி கடக்கும்போது நம் குழந்தைகள் சன்னலோரம் முண்டியடித்ததை எந்தத் தாய் மறப்பாள்? 2010-இல் மீட்டர் கேஜ் வண்டி நின்றது. 2018-இல் அகலப்பாதையில் மீண்டும் வண்டி ஓடிற்று.

மூன்று தலைமுறையாக அந்தக் காட்டின் ஊடே போய்வந்தோம். ஆனால் ஓரிரவேனும் அதனுள் தங்கியதுண்டா? இல்லை. காடு நமக்குப் புளியோதரைப் பொட்டலம் பிரிக்கும் இடமாக மட்டுமே இருந்தது. புகைப்படத்தைக் கண்டபின் இந்த எண்ணம் எங்களை வாட்டியது.

தென்மலையை அடுத்துச் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. 1984-இல் அமைந்தது. குளத்துப்புழை, செந்துருணி, கழுதுருட்டி என்னும் மூன்று ஆறுகள் கூடிக் கல்லடையாறாக உருவெடுக்கும் இடம் அது. அங்கே இப்பொழுது அணையின் நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது. சரணாலயத்துக்குப் பெயர் தந்தது செங்குறிஞ்சி என்னும் மரம். மாவுக்கும் முந்திரிக்கும் உறவான குடும்பம், உள்மரம் செந்நிறம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. கலிபோர்னியாவுக்கு அதன் ரெட்வுட் எப்படியோ, இந்த மலைக்குச் செங்குறிஞ்சி அப்படி. இக்காட்டையும் உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலையை 2012-இல் உலகப் பாரம்பரியச் சொத்து என யுனெஸ்கோ அறிவித்தது.

இனி எங்கள் குற்றத்தைக் கூறவேண்டும். முந்திய ஆண்டு தை மாதத்தில் பெரியோரும் சிறியோருமாக இருபத்துமூன்று பேர் அனுமதி பெற்றுச் சென்றோம். படகில் நீர்த்தேக்கத்தைக் கடந்தால் அக்கரையில் ஓர் எளிய விடுதி. யானை வராதிருக்கச் சுற்றிலும் அகழி வெட்டியிருந்தது. மின்விளக்கு இல்லை. ஆற்றின் ஓசை இருந்தது. அந்த ஓசையைக் கேட்க எங்களுக்குப் பொறுமை இருந்ததா? எங்கள் பையன்கள் கொண்டுவந்த ஒலிபெருக்கி நள்ளிரவு வரை முழங்கியது. பெரியவர்களாகிய நாங்களும் தடுக்கவில்லை. உடன் சேர்ந்து பாடினோம் என்பதே உண்மை. விடிந்ததும் பார்த்தால், காபி குடித்த பிளாஸ்டிக் கோப்பைகள் காற்றில் பறந்து ஆற்றோரம் முழுவதும் சிதறிக் கிடந்தன.

வனக்காவலர் ஒருவர் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கிக் கொண்டிருந்தார். எங்களை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. எங்கள் கூட்டத்துப் பெண்குழந்தை ஒருத்தி, "யானை வரும் என்றீர்களே மாமா, ஏன் வரவில்லை?" என்று கேட்டாள். "எதிர்க்கரைக்குத் தண்ணீர் குடிக்க வரும் அம்மா. நேற்றுச் சத்தம் கேட்டிருக்கும், வந்திருக்காது" என்று மலையாளத்தில் சாதாரணமாகச் சொன்னார். கேட்ட எங்களுக்குத் தலை நிமிரவில்லை. குளத்துப்புழைச் சாஸ்தா கோயில் துறையில் மீன்களுக்குப் பொரி போட்டு, தெய்வத்தின் மீன் என்று கும்பிடுகிற நாம், அதே ஆறு வந்து சேரும் நீரில் குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பினோம்!

அன்பர்களே! பிற மாநிலத்தில் வந்து குடியேறியவர்கள் நாம். அடுத்தவர் வீட்டில் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்று நமக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஓணத்துக்கு அண்டை வீட்டார் பாயசம் அனுப்பினால், பொங்கலுக்கு அதே பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் திருப்புகிறோம். வெறும் பாத்திரம் திருப்புவது நம் வழக்கமன்று. ஆனால் அந்தக் காட்டுக்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம்? ரயில்வே ஊழியராகிய எங்களுக்கு இந்தக் கடன் இன்னும் பெரிது. இன்று சிலீப்பர்களைக் கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். பழங்காலத்திலோ, இத்தகைய மலைக்காடுகளின் தேக்கும் இருளும் அல்லவா தண்டவாளத்தின் பாரத்தைத் தாங்கின! அந்த ரயிலால் சோறு உண்டவர்கள் எங்கள் முன்னோர், உண்பவர்கள் நாங்கள்.

சென்ற கார்த்திகையில் மறுபடியும் சென்றோம். இம்முறை ஒன்பது பேர் மட்டும். ஒலிபெருக்கி இல்லை, பிளாஸ்டிக் இல்லை, வீட்டிலிருந்து எவர்சில்வர் தம்ளர்களை எடுத்துச் சென்றோம். மழை ஓய்ந்த நேரம். அட்டைகள் எங்கள் காலைப் பதம் பார்த்தன. தாய்மார்கள் உப்புப் பொட்டலத்தோடு போர் புரிந்தனர். அந்தக் காவலரே எங்களைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று செங்குறிஞ்சியைக் காட்டினார். அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்தது. இதன் இளங்கன்றுகள் காட்டில் குறைவாகவே தழைக்கின்றன என்று அவர் கூறியபோது, எங்களுள் முதியவர் ஒருவர் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரவு கஞ்சியும் பயறும் உண்டு, விளக்கை அணைத்துத் திண்ணையில் அமர்ந்தோம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. சிறிது நேரம் சென்றபின் ஆற்றின் ஓசை தனியாக, பூச்சிகளின் ஓசை தனியாக, இலையிலிருந்து சொட்டும் நீரின் ஓசை தனியாகக் கேட்கத் தொடங்கிற்று. பத்து மணி அளவில் எதிர்க்கரையில் கிளைகள் முறியும் ஓசை எழுந்தது. காவலர் கையை உயர்த்தினார். ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு நீரில் கால்கள் அளையும் ஓசை. நீரை உறிஞ்சும் ஓசை. இருளில் யானை எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஆனால் அது வந்து தாகம் தீர்த்துக்கொண்டு போயிற்று. முந்திய ஆண்டு கேள்வி கேட்ட அச்சிறுமி, "இன்றைக்கு வந்துவிட்டது அப்பா" என்று காதோடு சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் நாங்கள் இரண்டாம் முறை சென்றோம் போலும்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். அடுத்த ஆண்டு உல்லாசப் பயணத்துக்கு இரண்டு பேருந்து அமர்த்தலாம் என்று பேச்சு நடக்கிறது. அதை மறுக்க வரவில்லை. அதோடுகூட, நம் மாணவ மாணவியரைப் பத்துப் பத்துப் பேராக, வனத்துறையின் அனுமதியோடு ஓரிரவு அந்தக் காட்டுக்கு அனுப்புங்கள். நம் நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை வழியாகப் பேருந்தில் போகலாம். கொல்லம் சென்று ரயிலேறியும் போகலாம். கொண்டு போவது அனைத்தையும் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்பது ஒன்றே விதி. துணைக்கு வர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். விடுப்பு கிடைக்கவேண்டும், அவ்வளவுதான்!

அந்தக் குழந்தைகள் நாளை எந்த நாட்டுக்குச் சென்று எந்த மரத்தடியில் கூடாரம் அடித்தாலும், விருந்தினராக நடந்துகொள்ள அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!