டிராமும் எல்ஆர்டியும்: தெருவில் ஒரு தடம்



நகரப் போக்குவரத்துக்கான கருத்தரங்கைக் கேமரன் மலையில் கூட்டுவானேன் என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் பலர் கேட்டார்கள். இங்கே ரயில் ஏறியதில்லை, டிராம் ஓடியதில்லை. ஆனால் நம்மிடம் 59ஆம் எண் கூட்டரசுச் சாலை இருக்கிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப் என்று ஏறி, நாம் கூடியிருக்கும் இந்தக் கோலா தெர்லாவைக் கடந்து கம்போங் ராஜாவுக்குப் போகிறது. பள்ளி விடுமுறையில் கியா பார்ம் சந்தைப் பக்கம் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சுற்றுலாக் கார்கள் வரிசை கட்டி நிற்கும். நடுவில் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி. அதற்குப் பின்னால் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் பஸ். நாற்பது பேரைச் சுமக்கும் பஸ்ஸும் இருவரைச் சுமக்கும் காரும் அதே வரிசையில், அதே வேகத்தில் நகர்கின்றன. இந்த மூன்று நாட்களும் நாம் பேசப்போகும் பொருள் அந்த வரிசைக்குள்ளேயே இருக்கிறது.

டிராம் என்றால் என்ன, எல்ஆர்டி என்கிற இலகு ரயில் என்றால் என்ன? பாடநூல்கள் வழக்கமாக வண்டியிலிருந்து தொடங்கும். டிராம் சிறியது, ஒன்றிரண்டு பெட்டி. இலகு ரயில் நீளமானது. டிராம் முந்நூறு மீட்டருக்கு ஒரு முறை நிற்கும். இலகு ரயில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு முறை. டிராம் ஊருக்குள் சுற்றும். இலகு ரயில் புறநகரை நகரோடு சேர்க்கும். இவை தவறில்லை. ஆனால் இவையெல்லாம் விளைவுகள். காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த வண்டி ஓடும் தடம் யார் கையில் இருக்கிறது என்பதே காரணம். இதைத்தான் இந்தத் தலைமையுரையில் வலியுறுத்த வந்திருக்கிறேன்.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த வுக்கான் வுச்சிக் தடங்களை மூன்றாகப் பிரித்தார். மற்ற வண்டிகளோடு கலந்து ஓடுவது ‘சி’ வகை. சாலையை ஒட்டியே தனித்தடம் இருந்து, சந்திப்புகளில் மட்டும் குறுக்குப் போக்குவரத்தைச் சந்திப்பது ‘பி’ வகை. எதோடும் குறுக்கிடாமல் மேம்பாலத்திலோ சுரங்கத்திலோ வேலியிட்ட பாதையிலோ ஓடுவது ‘ஏ’ வகை. பழைய டிராம் ‘சி’யில் ஓடியது. இலகு ரயிலின் இயல்பான இடம் ‘பி’. மெட்ரோ ‘ஏ’யில் ஓடும். இந்த மூன்று எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டால் எந்த ஊரின் திட்ட அறிக்கையையும் படித்துவிடலாம்.

மெல்பர்னில் 96ஆம் எண் டிராம் இதற்குக் கண்கூடான சான்று. கிழக்கு பிரன்ஸ்விக்கில் புறப்பட்டு நகர மையத்தில் போர்க் தெருவில் கடைகளை உரசிக்கொண்டு மெதுவாக வருகிறது. அங்கே அது டிராம். நகரின் தெற்கு விளிம்பைத் தாண்டியதும் பழைய செயின்ட் கில்டா ரயில் பாதைக்குள் நுழைகிறது. அந்த ரயில் பாதையை 1987இல் அகலம் குறைத்து, மின்னழுத்தத்தையும் மாற்றி டிராமுக்குக் கொடுத்தார்கள். ரயில் ஓடிய வெட்டுக்குழி, ரயில் நின்ற நிலையங்கள், காருக்கு இடமே இல்லை. வண்டி வேகமெடுக்கிறது. அங்கே அது இலகு ரயில். ஓட்டுநர் அவரே, பெட்டி அதுவே, பயணிகளும் இருக்கையை விட்டு எழவில்லை. மாறியது தடம் மட்டுந்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் டிராம் வரலாறு என்றால் பினாங்கு. 1880களில் ஜார்ஜ்டவுனில் நீராவி டிராம் ஓடத் தொடங்கியது. 1906இல் மின்சார டிராம் வந்தது. கப்பல் துறையிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை போனது. அங்கே பினாங்குக் கொடிமலை ரயில் 1923இல் திறக்கப்பட்டபோது, கடற்கரையில் ஏறியவர் ஆயர் ஈத்தாம் வரை மின்சார வண்டியிலேயே வந்துவிட முடிந்தது. மின்சார டிராம் வந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1925இல், தண்டவாளம் வேண்டாத டிராலிபஸ் வந்தது. 1936இல் டிராம் நின்றது. 1961இல் டிராலிபஸ்ஸும் நின்றது.

சௌராஸ்தா சந்தைக்கு அருகே ஜாலான் பினாங்கில் சாலையைத் தோண்டியபோது பழைய டிராம் தண்டவாளத்தின் ஒரு துண்டு வெளியே வந்தது. பினாங்குக்குப் போனால் குனிந்து பாருங்கள். ரயில் தண்டவாளம் போல அது மேலே எழும்பி நிற்பதில்லை. தாரோடு தாராக, சமமட்டத்தில் கிடக்கிறது. மேற்பரப்பில் விரல் நுழையும் அளவுக்கு நெடுக ஒரு பள்ளம். சக்கரத்தின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும். மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் சைக்கிளும் அதே தண்டவாளத்தின் மேல் தடையின்றிப் போகவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். தெருவை எல்லாரோடும் பகிர்ந்துகொள்வதாக அந்த இரும்பின் வடிவமே ஒப்புக்கொண்டுவிட்டது. கார்கள் பெருகியபோது அந்த ஒப்புதலே டிராமுக்குக் கேடாக முடிந்தது. முன்னால் நிற்கும் காரை ஒதுங்கிச் செல்ல டிராமால் முடியாது. தண்டவாளத்தில் சிக்கிக்கொண்ட பெரிய வண்டியாக அது தெரிந்தது. போக்குவரத்துக்குத் தடை என்று சொல்லி ஒவ்வோர் ஊராக அதை எடுத்தார்கள். சிங்கப்பூரில் 1927, சென்னையில் 1953, கொழும்பில் 1960.

சென்னையை இவ்வளவு விரைவாகக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1895இல் இந்தியாவின் முதல் மின்சார டிராம் அங்கேதான் ஓடியது. மேலே கம்பி கட்டாமல், தண்டவாளத்துக்கு இடையே பூமிக்குள் கால்வாய் வெட்டி மின்சாரம் கொடுத்தார்கள். சென்னை மழையில் அந்தக் கால்வாயில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கடைசியில் மேல்கம்பிக்கே வரவேண்டியதாயிற்று. நிலத்தின் குணம் அறியாமல் கொண்டுவந்து இறக்கும் தொழில்நுட்பம் படும் பாட்டை அந்த நகரம் அவ்வளவு முன்னதாகவே கண்டது. மலைச்சரிவும் மண்சரிவும் உள்ள நம்மூருக்கு எதையும் யோசிக்கும்போது அதை மறக்கக்கூடாது.

தென்கிழக்காசியாவில் ரயில் நகரத்துக்குத் திரும்பி வந்தபோது அது தெருவுக்குத் திரும்பவில்லை. மணிலாவில் 1984இல் முதல் எல்ஆர்டி திறந்தார்கள். பெல்ஜியத்தில் கட்டிய, டிராம் குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகளைக் கொண்டுவந்து தூண்களின் மேல் ஏற்றினார்கள். கோலாலம்பூரும் அந்த வழியில் போனது. 1996 டிசம்பரில் சுல்தான் இஸ்மாயிலுக்கும் அம்பாங்குக்கும் இடையே முதல் எல்ஆர்டி ஓடியது. 1998இல் கிளானா ஜெயா தடம் வந்தது. ஓட்டுநரில்லாமல், வான்கூவர் ஸ்கைடிரெயின் வகைத் தொழில்நுட்பத்தில் ஓடுவது. வுச்சிக்கின் கணக்குப்படி இவை இரண்டும் ‘ஏ’ வகை. அதாவது சிறிய மெட்ரோ. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தத் தடங்கள் இல்லாத கோலாலம்பூரை இன்று நினைத்துப் பார்க்க முடியாது.

இதில் நம்மவர்களின் கதை ஒன்று புதைந்திருக்கிறது. அம்பாங் தடம் பழைய மலாயன் ரயில்வேயின் அம்பாங் கிளைப் பாதை மேல் அமைந்தது. அதன் வடக்கு முனை செந்தூல். நூறாண்டுக்கு மேலாக ரயில்வே பட்டறை இருந்த இடம். தண்டவாளம் போட்டவர்களும் எஞ்சினைப் பழுதுபார்த்தவர்களும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த தமிழர் பகுதி. செந்தூலில் வளர்ந்தவள் நான். தரையில் ஓடிய ரயிலுக்கு வேலி தாண்டிப் போய்வந்தவர்கள், தூண் மேல் ஓடும் ரயிலுக்குப் படியேறிப் போகிறார்கள். மின்தூக்கி பழுதாகும் நாளில், முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படிகளை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டவர்கள், தடம் தரையில் இருப்பதன் மதிப்பை உணர்வார்கள். டிராமின் பெரிய சிறப்பு அதுதான். கடை வாசலில் நிற்கும். தாழ்தளப் பெட்டி என்றால் சக்கர நாற்காலியும் நேராக உள்ளே போகும்.

தெருவில் காருக்கு இருக்கும் இடத்தில் கை வைக்காமல் ரயில் கொடுக்க ஒரு வழி, அதைத் தூக்கி மேலே வைப்பது. நம் அரசுகள் தொடர்ந்து அந்த வழியையே தேர்ந்தெடுத்தன. கட்டுமானச் செலவு பலமடங்கு ஏறியது. கோலாலம்பூரின் முதல் இரு எல்ஆர்டி நிறுவனங்களும் கடனில் மூழ்கி, 2002இல் அரசின் பிரசாரானா நிறுவனத்திடம் வந்து சேர்ந்தன. கொழும்பில் மாலபேயிலிருந்து கோட்டைக்கு மேம்பாலத்தில் ஓடவிருந்த இலகு ரயிலை, செலவைக் காரணம் காட்டி 2020இல் கைவிட்டார்கள். செலவைத் தாங்கும் நாட்டில் மேம்பாலம் எழும். தாங்காத நாட்டில் ஒன்றுமே எழாது. நடுவில் இருந்த ‘பி’ வகைத் தடம் அரசு மேசைகளில் பெரும்பாலும் தீவிரமாகப் பேசப்படவில்லை.

அது நடக்காத காரியமா? டொரோண்டோவில் கிங் தெரு இருக்கிறது. நம் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் நகரம். அந்தத் தெருவில் டிராம் கார்களோடு கலந்து, நடந்து போகிறவரை முந்த முடியாமல் ஊர்ந்தது. 2017 நவம்பரில் நகராட்சி ஒரு சோதனை செய்தது. புதிய தண்டவாளம் போடவில்லை, புதிய பாலம் கட்டவில்லை. நகர மையத்தில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டருக்கு, தெருவுக்குள் வரும் கார் அடுத்த சந்திப்பில் வலப்பக்கம் திரும்பி வெளியேறவேண்டும் என்று விதி போட்டது. வாரநாளில் 72,000ஆக இருந்த பயணிகள் 84,000 ஆனார்கள். 2019இல் ஏற்பாட்டை நிரந்தரமாக்கினார்கள். ஒரு விதி, பலகைகள், கொஞ்சம் பெயிண்ட். பழைய டிராம் இலகு ரயிலின் பக்கம் நகர்ந்தது.

கல்கத்தா அதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. அங்கே டிராமுக்குச் சாலை நடுவே புல்வெளித் தனித்தடம் பல தெருக்களில் இருந்தது. ஆசியாவிலேயே அருமையான ‘பி’ வகைத் தடங்கள் அவை. காருக்கு இடம் வேண்டுமென்று தடுப்பை எடுத்து, காங்கிரீட் போட்டு, தனித்தடத்தைச் சாலையோடு கலந்தார்கள். டிராம் மெதுவானது, மெதுவானதால் ஆள் குறைந்தது, ஆள் குறைந்ததால் தடங்கள் மூடப்பட்டன. 1873இல் குதிரை இழுத்துத் தொடங்கிய டிராமை, பாரம்பரியச் சின்னமாக ஒரு சிறு தடம் தவிர நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. கையிலிருந்த இலகு ரயிலைத் தெரு டிராமாக்கி, பிறகு பயனில்லை என்று எடுத்துவிடுவதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு கனக்கிறது.

இந்த இரண்டு நகரங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பினாங்கைப் பாருங்கள். பத்தாண்டுக்கு முன் அங்கே பெரிய விவாதம் நடந்தது. மாநில அரசு பாயான் லெப்பாஸ் வரை மேம்பால எல்ஆர்டி வேண்டும் என்றது. பினாங்கு போரம் என்ற குடிமக்கள் அமைப்பு, குறைந்த செலவில் தரையில் ஓடும் நவீன டிராம் போதும் என்றது. எல்ஆர்டி பக்கம் முடிவானது. 2024இல் கூட்டரசு திட்டத்தை ஏற்றது. 2025 ஜனவரியில், முத்தியாரா தடம் என்று பெயரிட்ட அந்த எல்ஆர்டிக்கு அடிக்கல் நாட்டினார்கள். கொம்தாரையும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையையும் விமான நிலையத்தையும் இணைத்து, கடல் கடந்து பினாங்கு சென்ட்ரலுக்கும் போகப்போகிறது. நீண்ட தொலைவு வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு அது நன்மை செய்யும். அந்த முடிவை இனிக் கிளறுவதில் பொருளில்லை என்றே கருதுகிறேன். ஆனால் தூணுக்குக் கீழே இருக்கும் தெரு இன்னும் முடிவாகவில்லை. நிலையத்தில் இறங்குகிறவர் வீட்டுக்கு எதில் போவார்? அந்த பஸ்ஸுக்குத் தனித்தடம் உண்டா? ஜார்ஜ்டவுன் பழைய நகருக்குள் டிராமுக்கு மறுபடி இடம் உண்டா? இந்தக் கேள்விகளை ஆய்வுலகம் இப்போதே எழுப்பவேண்டும். தூண்கள் நின்றபின் எழுப்பிப் பயனில்லை.

கேமரன் மலைக்கு டிராம் கொண்டுவரலாமா என்று ஓர் இளைஞர் கடிதம் எழுதியிருந்தார். ஆர்வம் பாராட்டத்தக்கது. லிஸ்பன் டிராம் நூறு மீட்டருக்குப் பதின்மூன்று மீட்டர் ஏறுகிறது. டார்ஜிலிங் ரயில் 1881இலிருந்து மலைச்சாலையின் ஓரத்திலேயே போகிறது. ஏற்றம் ஒரு தடையல்ல. ஆனால் மண் சரியும் இந்தச் சரிவுகளில் தண்டவாளம் போடுவதைவிட முதலில் செய்யக்கூடியது வேறு. விடுமுறை நாளில் பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே, இடம் இருக்கும் இடங்களிலெல்லாம் பஸ்ஸுக்கு முன்னுரிமை. சுற்றுலாக் கார்கள் சிம்பாங் பூலாய்ச் சாலை வந்து சேரும் கம்போங் ராஜாவிலேயே நின்று, அங்கிருந்து பயணிகள் பஸ்ஸில் ஏறும் ஏற்பாடு. நோயாளிக்கும் பள்ளிப்பிள்ளைக்கும் காய்கறி லோரிக்கும் வழி கிடைக்கும். டொரோண்டோ தண்டவாளத்தில் செய்ததைத் தாரில் செய்யலாம்.

ஆய்வாளர்களிடம் இரண்டு வேண்டுகோள். பினாங்கு டிராமிலும் செந்தூல் பட்டறையிலும் வேலை செய்த தமிழர்களின் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் படங்கள், சம்பளச் சீட்டுகள், நினைவுகள் ஆகியவற்றைச் சேகரியுங்கள், நாள் கடந்துகொண்டிருக்கிறது. அதோடு, இந்த மூன்று நாட்களில் ஒரு குழு 59ஆம் எண் சாலையில் நின்று, எத்தனை வண்டி போகிறது என்று எண்ணாமல், எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணட்டும். அந்தக் கணக்கை நிறைவு அமர்வில் மாவட்ட அதிகாரிகள் முன் வைப்போம்.

முதல் அமர்வு பினாங்கு மின்சார டிராமைப் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.