இசைவாக்கம்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஆங்கிலத்திலே ஒரே சொல் வழங்குகின்றது; 'அடப்ரேஷன்' என்பது அது. தமிழிலோ துறைக்கொரு சொல் உண்டு. உயிரியலார் அதனை இசைவாக்கம் என்பர். உளவியலார் பொருத்தப்பாடு என்பர். நாடகக்காரரும் எழுத்தாளரும் தழுவல் என்பர். இம்மூன்றும் ஒன்றா, வேறு வேறா என்று ஆராய்வது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. காலத்துக்கேற்ப மாறவேண்டும் என்று இளைஞராகிய நாம் சொல்வதும், மாறி மாறிக் கடைசியில் எது மிஞ்சும் என்று பெரியோர்கள் கேட்பதும் நம் சங்கத்திலே ஓயாத வழக்காகும். அவ்வழக்கிலே 'மாற்றம்' என்ற சொல்லை எப்பொருளில் ஆளுகின்றோம் என்று முதலிலே தெளிந்துகொள்வது நலம்.

உயிரியலிலிருந்து தொடங்குவோம். பேராதனைப் பூங்காவுக்குச் சென்றோர், உயர்ந்த மரங்களிலே தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைக் கண்டிருப்பர். வௌவால் பறவையன்று, குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு. நம் கையிலுள்ள எலும்புகளுக்கு ஒப்பானவையே அதன் சிறகிலும் உள. விரலெலும்புகள் மிக நீண்டு, அவற்றிடையே மெல்லிய தோல் விரிந்து சிறகாயிற்று. ஏதோ ஒரு வௌவால் முயன்று முயன்று தன் விரலை நீட்டிக்கொண்டது என எண்ணலாகாது. பிறக்கும் குட்டிகளிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. சூழலுக்கு உதவும் வேறுபாடு உடையவை கூடுதலாகப் பிழைத்து இனம் பெருக்கின. அவ்வேறுபாடு எண்ணற்ற தலைமுறைகளிலே திரண்டது. 1859இல் டார்வின் வெளியிட்ட நூலின் சாரம் இதுவேயாகும். ஆகவே இசைவாக்கம் தனியுயிர் ஒன்றின் சாதனையன்று. ஓர் இனத்தின் நெடிய வரலாறு. அதற்கு விலையும் உண்டு. சிறகு பெற்ற அவ்வுயிர் நிலத்திலே நடக்கப் பெரிதும் இடர்ப்படுகின்றது.

மலைநாட்டின் வரலாறு இன்னொரு பாடத்தையும் தருகின்றது. காட்டை அழித்து மலை மலையாக ஒரே பயிரை நட்டார்கள், அது கோப்பி. 1869இல் அதன் இலையிலே செம்மஞ்சட் பொடி போன்ற பூஞ்சண நோய் தோன்றிற்று. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்தே இங்கிலாந்திலே பேர்க்கிலி என்பார் அதற்குப் பெயரிட்டார். நோய்க்கு உணவு எங்கும் பரந்து கிடந்தது, இடையிலே தடையில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளிலே கோப்பித் தொழில் வீழ்ந்தது. 1867இலே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் நட்டுத் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பி பறித்தல் பருவ வேலை. தமிழகத்திலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர் பருவம் முடிய ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் லயங்களிலே நிலைத்தன. மலையகத் தமிழர் இந்நாட்டில் வேரூன்றிய காரணங்களுள் ஒன்று இலையிலே படிந்த ஒரு பூஞ்சணம் என்றால் வியப்பன்றோ!

இனி உள்ளத்துக்கு வருவோம். 1890களிலே அமெரிக்க உளவியலாளர் ஸ்ராற்றன், உலகைத் தலைகீழாகக் காட்டும் வில்லையைக் கண்ணில் அணிந்து வாழ்ந்து பார்த்தார். ஒரு சோதனை எட்டு நாட்கள் நீடித்தது. முதலிலே எட்டிப் பிடிக்கச் சென்ற கை வேறு திசையிற் சென்றது. நாட்கள் செல்லச் செல்லக் கண்ணும் கையும் உடன்பட்டன. வில்லையைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் தடுமாற்றம் இருந்தது. ஊரிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழக விடுதிக்கு வந்து, விடுமுறைக்கு வீடு திரும்பும் நமக்கு இவ்விரண்டு தடுமாற்றங்களும் புதியனவல்ல!

சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே இதனை இரண்டாகப் பிரித்தார். புதியதை நம்மிடமுள்ள அச்சிலே வார்த்துக்கொள்வது தன்மயமாக்கல். புதியதன் பொருட்டு அச்சையே மாற்றிக்கொள்வது தன்னமைவாக்கல். இரண்டும் சமநிலைப்படும்போதே அறிவு வளரும் என்பது அவர் கொள்கை. மிஷன் பாடசாலையிலே காலையிற் செபமும், வீட்டிலே மாலையில் தேவாரமுமாக வளர்ந்த நமக்கு இதனை விளக்க நூல் வேண்டியதில்லை. ஆறுமுக நாவலரும் மிஷன் பாடசாலையிற் பயின்றவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். அங்கே கண்ட பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் ஆகியவற்றையே அவர் சைவத்துக்குக் கருவியாக்கினார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கருவி புதிது, நோக்கம் அவருடையது.

ஆயினும் பொருத்தப்பாடு என்ற சொல்லிலே ஓர் ஆபத்து உண்டு. தேயிலையை வெட்டாது விட்டால் அது மரமாகும். இடுப்பளவிலே கவ்வாத்து வெட்டுவதால் செடியாக நிற்கின்றது. அந்த உயரம் செடிக்கு வேண்டியதன்று. கொழுந்து பறிக்கும் கைக்கு வேண்டியது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். நிலைமையோடு பொருந்திப் போங்கள் என்று அவர்களுக்குச் சொல்வது உளவியலாகுமா? எஞ்சியிருந்தோரின் குறை நீங்க 2003இலே சட்டமே மாற வேண்டியதாயிற்று. ஆதலால் பொருந்து என்று ஒருவருக்கு அறிவுரை கூறுமுன், மாறவேண்டியது அவரா, அவரைச் சூழ்ந்ததா என்று கேட்பது நம் கடமையாகும்.

மூன்றாவது தழுவல். பேராதனையிலே கற்பித்த சரச்சந்திர அவர்கள், நாடகம என்னும் பழைய சிங்கள ஆடல் வடிவத்தை எடுத்து 1956இலே 'மனமே'யை அரங்கேற்றினார். அந்நாடகமவோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அதே வளாகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களிலே மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பன அவ்வாறு வந்தவை. விடிய விடிய வட்டக்களரியிலே ஆடப்பட்ட கூத்து, ஒருபுறம் மட்டும் திறந்த மேடையிலே சில மணி நேரத்துக்குள் அடங்கிற்று. திரும்பத் திரும்ப வரும் பாடல்கள் குறைந்தன. நடிப்புக்கு இடம் கூடிற்று. மத்தளமும் தாளக்கட்டும் ஆட்டமும் நிலைத்தன. படித்தோர் நாட்டுக்கூத்தென்று ஒதுக்கியதைப் படித்தோரே ஆடலாயினர். இது பெரும்பேறு.

இழப்பும் உண்டு. களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருந்தது. அண்ணாவியாரோடு மாதக்கணக்கிற் பழகியது. நேர்த்திக்கும் சடங்குக்கும் அங்கே இடமிருந்தது. மேடைக்கு வந்தது கூத்தின் கலை, ஊர் வரவில்லை. இதனை உணர்ந்தே பின்னாளில் மட்டக்களப்பிலே சி. ஜெயசங்கர் முதலியோர், ஊராரையே முதன்மையாகக் கொண்டு ஊரிலேயே கூத்தை மீளுருவாக்கும் முயற்சியில் இறங்கினர். இவ்விரு வழிகளுள் ஒன்றைப் பிழையென்று நாம் சொல்லோம். ஒன்று கூத்துக்குப் புதிய பார்வையாளரைத் தந்தது; மற்றது அதன் பழைய உரிமையாளரை நினைவிற்கொண்டது.

இப்பொழுது நம் சங்கத்துக்கு வருவோம். மலையகத் தோட்டங்களிலே மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடுவர். அதனை அரைமணி நேர நிகழ்ச்சியாக்கி நம் விழாவிலே மேடையேற்றலாம் என்று இளைஞர் சிலர் விரும்புகின்றனர். சடங்கை வேடிக்கையாக்கலாகாது என்று பெரியோர் தடுக்கின்றனர். நாம் கூறுவது இது: முதலிலே ஒரு மாசியில் தோட்டத்துக்குச் சென்று, காமன் ஊன்றும் நாள் முதல் தகனம் வரை இருந்து பார்ப்போம். கூத்து வாத்தியாரிடம் எதைச் சுருக்கலாம், எதைத் தொடலாகாது என்று கேட்போம். வேண்டாம் என்பாராயின் விட்டுவிடுவோம். ஆகட்டும் என்பாராயின் அவரையே நம் மேடைக்கு ஆசானாக அழைத்து, அவர் சொற்படி ஆடுவோம்.

தழுவுதல் என்பதற்குத் தமிழிலே அணைத்துக்கொள்ளுதல் என்றும் பொருள் உண்டு. அணைப்பதற்கு அருகிலே செல்லவேண்டும். வரும் மாசிக்கு நம்மோடு புறப்படப் பெரியோர்களும் இசைவார்கள் என்று நம்பி, இவ்வுரையை நிறைவு செய்கின்றோம்.