பச்சிலையின் பிறப்புரிமை
(வெள்ளவத்தைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிறப்புரிமை பற்றிப் பேச நாம் மேடையேறுவது புதிதன்று. இன்று நாம் பேசப்புகுவதோ செடிகொடிகளின் பிறப்புரிமை. உயிர்களின் மரபுப் பண்பை ஆராயும் துறைக்கு இலங்கைப் பாடநூல்கள் பிறப்புரிமையியல் என்றே பெயர் சூட்டியுள்ளன. பெயரிட்டோர் வழக்குரைஞரல்லர், எனினும் வழக்கு அப்பெயரிலேயே அடங்கியிருக்கக் காண்கிறோம்.

கொட்டாஞ்சேனை மருந்துக் கடையில் மரமஞ்சள் கேட்டால் மஞ்சள் நிறத் துண்டொன்றைப் பொதிந்து தருவர். 2020இல் கொள்ளைநோய் பரவியபோது அதனை மல்லியோடு அவித்துக் குடித்த வீடுகள் எத்தனை! அத்துண்டு மெய்யாகவே மரமஞ்சள்தானா? தாருஹரித்திரம் என்ற பெயரில் இந்தியச் சந்தையில் நம் மரமஞ்சட் கொடியும் விற்கப்படுகிறது. இமயமலைச் செடியொன்றும் விற்கப்படுகிறது. இரண்டிலும் மஞ்சள் தருவது பெர்பெரின் என்னும் ஒரே பொருள். நிறமும் கைப்பும் சான்றாகா. காய்ந்த துண்டின் டி.என்.ஏ. சான்று கூறும். இலையின் பச்சையவுருமணியில் உள்ள இரு குறும்பகுதிகளைத் தாவரங்களின் அடையாளக் குறியாக அறிஞர் குழுவொன்று 2009இல் ஏற்றது. கைரேகை கொண்டு ஆளை அறிவதுபோல, அவ்வெழுத்து வரிசை கொண்டு செடியை அறியலாம். நெடுநாட் காய்ந்த பட்டையில் டி.என்.ஏ. சிதைந்திருக்குமாதலின் சிறு பகுதியையே படிப்பர். ஆனால் முதலில், ஐயமற அறியப்பட்ட செடியின் வரிசை ஏட்டில் இருத்தல் வேண்டும். ஒப்பிட ஏடில்லையேல் ரேகையால் பயனென்ன?

உழவர்க்கு இதனினும் பெரிய செய்தியுண்டு. மரமஞ்சளில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. மெல்ல வளரும் அக்கொடியின் தண்டையே வெட்டுகிறோம். காட்டில் கொடிகள் அருகினால் இணை தொலைவாகும், விதை குன்றும். எக்காட்டுக் கொடி எதனோடு உறவுடையது, எங்கே வேற்றுமை மிகுந்துள்ளது என்பதைப் பரம்பரையலகு ஆய்வு காட்டும். அதனைக் கொண்டே நாற்றுமேடைக்குத் தாய்க்கொடிகளைத் தெரிதல் முறை. ஒரே தாயின் துண்டுகளை ஆயிரம் தோட்டங்களில் நட்டால் அவை ஆயிரம் கொடியல்ல. ஒரு கொடி ஆயிரம் இடத்தில் நிற்கிறது. நோயொன்று போதும், அனைத்தும் போகும். கன்று வாங்கும்போது தாய்க்கொடி எவ்விடத்தது, எத்தனை தாய் என்று கேளுங்கள்.

இனி உரிமைக்கு வருவோம். கொத்தலா ஹிம்புட்டு மரத்திற் கடைந்த குவளையில் இரவு வைத்த நீரை நீரிழிவுக்குப் பருகுவது இந்நாட்டு வழக்கம். அதிலிருந்து 1997இல் சலசினோலையும் அடுத்த ஆண்டில் கோத்தலனோலையும் பிரித்தெடுத்தோர் ஜப்பானிய அறிஞர். பெயரில் கொத்தலா இருக்கிறது. குவளை கடைந்தவர் எங்கே? அகத்தியர் மலைக் காணிமக்கள் 1987இல் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து பிறந்த ஜீவனி மருந்துக்கு வந்த உரிமத்தொகையிற் பாதி அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அச்செடியின் தாவரவியற் பெயரில் இலங்கையும் உண்டு!

மரபுவளத்தின் மீது அந்தந்த அரசுக்கு இறைமையுண்டு என்ற 1992ஆம் ஆண்டுச் சமவாயத்தை இலங்கை 1994இல் ஏற்புறுதி செய்தது. வேரைச் சுங்கத்தில் மறிக்கலாம். கணினிவழிச் செல்லும் எழுத்து வரிசையை எவர் மறிப்பார்? 2024இல் கொலம்பியாவின் காலி நகர் மாநாடு இதற்கென நிதியமொன்றை வகுத்தது. இவ்வரிசைகளால் ஈட்டும் பெருநிறுவனங்கள் இலாபத்தில் 1 வீதமோ வருவாயில் 0.1 வீதமோ அளிப்பது தகும் என்றது. ‘அளித்தல் கட்டாயம்’ என்பதற்கும் ‘அளிப்பது தகும்’ என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தைச் சட்டம் பயின்றோர் அறிவர்.

ஆதலின் பதிவு நம்மிடம் இருக்கட்டும். வைத்தியர்களே, உழவர்களே! மூலிகையின் தமிழ்ப் பெயர், ஊர், பயன்படுத்தும் முறை, சொன்னவர் பெயர், உலர்த்திய கிளை ஆகியவற்றைத் திகதியிட்டு வையுங்கள். கைதடியில் சித்த மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளை இப்பணிக்கு அழையுங்கள். சட்டப்படி எழுத வேண்டிய தாள்களை ஊதியமின்றி நாம் எழுதித் தருவோம்.