தச்சரின் கைக்கருவியும் எண்வழி எந்திரமும்

எர்ணாகுளத்தில் பிராட்வே என்றொரு கடைத்தெரு உண்டு. ஆங்கிலப் பெயரைக் கேட்டு அகன்ற வீதி என்று எண்ணிச் செல்வோர் ஏமாந்து போவர். மழைக்காலத்தில் இருவர் எதிரெதிரே குடைபிடித்து வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டும். அதற்கு இணையாகக் காயலோரம் செல்லும் சண்முகம் சாலை, 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக விளங்கியவரும், பின்னர் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவருமாகிய கோவை ஆர். கே. சண்முகம் செட்டியாரின் பெயரைத் தாங்கியது. ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அப்பெயர்ப் பலகையைக் காணும்போதெல்லாம் உறவினர் ஒருவரைக் கண்டாற்போல் இருக்கும்.

மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பே நமது தொழில். கலைப்பட்டம் பெற்ற நமக்கும் எந்திரங்களுக்கும் ஏது உறவு என்று நேயர்கள் கேட்கலாம். காயலுக்கு அக்கரையில், மட்டாஞ்சேரியில், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய முதிய தச்சர் ஒருவர் இருக்கிறார். மரத்தில் எழுத்துச் செதுக்குவதில் வல்லவர். வீட்டுப் பெயர்ப்பலகை ஒன்றில் தமிழ் எழுத்துக்கள் பிழையின்றி அமைந்துள்ளனவா என்று பார்க்கவே அவர் நம்மை அழைத்தார். போன இடத்தில் ஓர் எந்திரம் உருவாகிக் கொண்டிருந்தது.

தச்சருக்குச் சில ஆண்டுகளாகக் கைநடுக்கம். உளி பிடித்தால் கோடு விலகுகிறது. கையில் பிடித்து ஓட்டும் மின்கருவியோ இன்னும் ஆபத்து. “கைதான் நடுங்குகிறது ஐயா, கண் நடுங்கவில்லை” என்றார். பாலிடெக்னிக்கில் படித்த மகன், தந்தையின் தொழில் நின்றுபோகக் கூடாது என்று கருதி, வீட்டுத் திண்ணையிலேயே ஒரு சி.என்.சி. எந்திரத்தை அமைக்க முற்பட்டார். அதற்கு வேண்டிய திருகுகளையும் கம்பிகளையும் தேடி அவரோடு பிராட்வேயின் சந்துகளில் நாமும் அலைந்தோம்.

சி.என்.சி. என்பது எண்களால் ஆளப்படும் எந்திரம். ஹெலிகாப்டர் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்ய வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கரின் எண்ணத்திலிருந்து பிறந்தது. துளையிட்ட காகித நாடா இட்ட கட்டளைப்படி இயங்கும் வெட்டு எந்திரத்தை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-இல் இயக்கிக் காட்டினர். அன்று ஓர் அறையை அடைத்த அறிவு, இன்று உள்ளங்கையளவு மின்பலகையில் அடங்கிவிட்டது. நார்வே நாட்டினர் ஒருவர் 2009-இல் உருவாக்கி எவரும் இலவசமாகக் கொள்ள விட்ட ‘ஜி.ஆர்.பி.எல்.’ என்னும் நிரலே நம் தச்சர் வீட்டு எந்திரத்தையும் நடத்துகிறது.

எந்திரத்தின் அமைப்பு எளிது. கீழே ஒரு மேடை. அதன் மீது முன்னும் பின்னும் நகரும் ஒரு பாலம். பாலத்தில் இடவலமாகவும் மேல்கீழாகவும் செல்லும் ஒரு தாங்கி. இவற்றை நகர்த்துவன படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். மோட்டாரோடு இணைந்த திருகுத்தண்டு ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் நகர்த்துமாயின், ஒரு படிக்கு 0.04 மில்லிமீட்டர்.

இனி, வெட்டுவதற்கு ஒரு கருவி வேண்டுமே? ஆலைகளில் உள்ளது போன்ற சுழல்தண்டு விலை மிகுந்தது. ஆனால் தச்சரிடம் ஏற்கெனவே ஒரு டிரிம்மர் இருந்தது. பலகையில் ஒட்டிய மைக்கா தகட்டின் ஓரத்தைச் சீவத் தச்சர்கள் ஒரு கையால் பிடித்து ஓட்டும் சிறு கருவி அது. நடுங்கும் கையிலிருந்து அதனை வாங்கி, நடுங்காத பாலத்தில் பொருத்துவதே மகனின் திட்டம்.

பொருத்துவதில்தான் நுட்பம் எல்லாம் இருக்கிறது. மகீட்டா நிறுவனத்தின் 710 வாட் டிரிம்மரின் உடல் 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை. அதே அளவில் துளையிட்ட உலோகப் பிடிவளையம் ஒன்றில் அதனைச் செருகி முடுக்கவேண்டும். முடுக்கம் குறைந்தால் கருவி நழுவும். மிகுந்தால் உடல் நெளியும். முதல் முறை பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று வளையத்தைக் கருவியின் மேற்பாதியில் மாட்டிவிட்டனர். கீழே பிட்டின் நுனி நெடுந்தூரம் தொங்கிற்று. ஒரு முனையில் பிடித்த கம்பியின் நீளம் இரு மடங்கானால், அதே விசைக்கு அது வளைவது எட்டு மடங்காகும். ‘ழ’கரத்தின் சுழியில் விளிம்பு இரட்டையாய்ப் படிந்து, நல்ல அயினிப் பலகை ஒன்று வீணாயிற்று. தச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பலகையை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். மறுநாள் வளையம் கருவியின் கழுத்தருகே இறங்கியது.

அடுத்தது, கருவி மேடைக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். சாய்ந்து நின்றால் வெட்டிய தளம் வயல்வரப்புப் போல் மேடும் பள்ளமுமாகும். இதற்குத் தந்தையே வழி கூறினார். மின்னிணைப்பைத் துண்டித்து, பிட்டின் இடத்தில் வளைத்த கம்பி ஒன்றைப் பொருத்திக் கையால் மெல்லச் சுற்றினால், அதன் நுனி நான்கு திசையிலும் மேடையை ஒன்றுபோல் தொடவேண்டும். தொடாத பக்கம் தெரிந்தால், தாங்கிக்கும் வளையத்திற்கும் இடையே காகிதத் துண்டு செருகிச் சரிசெய்யலாம்.

மூன்றாவது, வேகம். வேகமாகச் சுழன்றால் நன்றாக வெட்டும் என்றே நாமும் எண்ணியிருந்தோம். இந்த டிரிம்மரை நிமிடத்திற்கு 10,000 முதல் 30,000 சுற்றுவரை வைக்கலாம். இரு விளிம்புள்ள பிட்டு 10,000 முறை சுற்றினால் 20,000 வெட்டுக்கள். நிமிடத்திற்கு 1,000 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு வெட்டும் 0.05 மில்லிமீட்டர் சீவும். நகர்வைக் கூட்டாமல் சுற்றை 30,000 ஆக்கினால் சீவல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்போது பிட்டு வெட்டாது, தேய்க்கும். மரம் கருகும், பிட்டு மழுங்கும். ஆகவே வேகத்தைக் குறைத்து, ஆழத்தையும் சிறிது சிறிதாக இறக்குவதே முறை.

நேயர்களுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டியது மற்றொன்று. டிரிம்மருக்கென்று தனிச் சுவிட்ச் உண்டு. எந்திரத்தை ஆளும் நிரல் அதனை அறியாது. ஒருநாள் மாலை, வேலை நடுவே மின்சாரம் போயிற்று. பிட்டு நின்றது. மரத்தூளைத் துடைக்கத் தச்சர் கை நீட்டினார். அந்நேரம் மின்சாரம் வந்தது. டிரிம்மர் உறுமிற்று. கைக்கும் பிட்டுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. காயம் ஏதும் இல்லை. ஆயினும் மகன் அன்றிரவு உண்ணவில்லை. மறுநாளே, மின்சாரம் போனால் தானே விடுபட்டு, மனிதர் அழுத்தினாலன்றி மீண்டும் இணையாத சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினார். பிளக்கைப் பிடுங்கிய பின்னரே கை உள்ளே போகவேண்டும் என்பது அவ்வீட்டில் இன்று சட்டம். மரத்தூளும் எளிதன்று, அது புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. முகமூடியும் தூளை உறிஞ்சும் குழாயும் இன்றியமையாதவை.

இத்தகைய முயற்சிக்குத் துணை தேடுவோர் தனித்து நிற்கவேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் புனேயை அடுத்த பாபல் கிராமத்தின் விஞ்ஞான ஆசிரமத்தில் 2002-இல் ‘ஃபேப் லேப்’ என்னும் பொதுப் பட்டறை தொடங்கியது. கொச்சியை அடுத்த களமசேரியிலும் கேரள ஸ்டார்ட்டப் மிஷனின் பட்டறை உண்டு. நேயர்கள் வாழும் நகரத்திலும் அத்தகைய பட்டறை இருக்கிறதா என்று விசாரித்துப் பார்ப்பது நலம்.

பெயர்ப்பலகை முடிந்த நாளில் மீண்டும் சென்றோம். எழுத்துக்கள் பிழையின்றி இருந்தன. ஆனால் எழுத்தின் உள்மூலைகள் கூர்மையின்றி உருண்டிருந்தன. சுழலும் பிட்டு வட்டமானது. எவ்வளவு சிறியதாயினும் உள்மூலையில் அதன் வளைவு எஞ்சியே தீரும். அவ்விடத்தில் உளிதான் செல்லவேண்டும். மகன் உளியைப் பிடித்திருந்தார். தந்தை அருகே முக்காலியில் அமர்ந்து, “சாய்க்காதே மக்களே, இழையோடு போ” என்று சொல்லிக் கொண்டிருந்தார். எந்திரம் வருமுன் அம்மகன் உளியைத் தொட்டதே இல்லையாம்.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், கை ஓய்ந்தும் கண் ஓயாத முதியவர் ஒருவர் இருப்பார். அவரறிந்த தொழிலைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு காரணம் தேவையெனில், திண்ணையில் அமைந்த சிறு எந்திரமும் அக்காரணம் ஆகலாம் என்பதை மட்டாஞ்சேரியில் நாம் கண்டோம்.